சும்மா ஒரு கிளாசிக்

மாப்பிள்ளை யாருக்கு மாப்பிள்ளை என்பது அந்தத் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. பார் முதலாளி அவரை 'மாப்ளே' என்று கூப்பிடுவார். அதைக் கேட்டுக் கேட்டு, குடிக்க வருகிறவர்கள், ஐஸ் கொண்டுவருகிறவர், மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர் எல்லாருக்குமே அவர் மாப்பிள்ளை ஆகிவிட்டார். ஒருமுறை தீயணைப்புத் துறையிலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரிகூட விறைப்பாக உள்ளே நுழைந்து, சுற்றும் முற்றும் பார்த்து, "மாப்பிள்ளை, அந்தப் பின்கதவைக் கொஞ்சம் திறங்க" என்றுதான் சொன்னார்.

உண்மையில் அவர் முதலாளியின் ஒரே மகளைக் கட்டியவர். மாமனார் லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றபின் இந்த பாரை எடுத்து நடத்துகிறார். வாழ்நாள் முழுக்க லிஃப்டோடு பழகியதால் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. ஒன்று மேலே போக வேண்டும், இல்லை கீழே வர வேண்டும். நடுவில் நின்றால் அது பழுது. கல்யாணமான நாளிலிருந்து ஒரே கவுண்டருக்குப் பின்னால் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கும் மருமகனை அவர் என்ன கணக்கில் வைத்திருந்தார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார்.

"மாப்ளே, நீங்க சும்மா நிக்கிற நேரத்துல அந்த ஷெல்ஃபைத் துடைச்சீங்கன்னா, ஷெல்ஃபாவது உருப்படும்."

மாப்பிள்ளை துடைப்பார். அவருக்கும் உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. அந்த மாமனார் மனுஷன் வாயிலிருந்து ஒரே ஒரு தடவை 'நல்லாருக்கு' என்று வந்துவிட வேண்டும். எது நல்லாயிருக்கு என்பதுகூட முக்கியமில்லை.

அந்தப் பானம் பிறந்தது நல்ல வெயில் நேரத்தில். நீதிமன்றத்திலிருந்து வக்கீல் அம்மா ஒருவர் வந்தார். வாடிக்கையாக வருகிறவர்தான். அன்று கேஸில் தோற்றிருந்தார். கோட்டைக் கழற்றிப் பக்கத்து ஸ்டூலில் ஓர் ஆளை உட்கார வைப்பதுபோல வைத்துவிட்டு, "ஏதாவது குடுங்க. என்ன வேணும்னு மட்டும் கேக்காதீங்க. காலையிலேர்ந்து கேள்வியா கேட்டுச் செத்துட்டேன்" என்றார்.

மாப்பிள்ளை ஷேக்கரில் ஜின்னை ஊற்றினார். எலுமிச்சை பிழிந்தார். தேன் விட்டார். அடுத்து டானிக் சோடாவுக்குக் கை நீட்டியபோது, தான் குடிப்பதற்காகப் போட்டு மறந்துபோன கறுப்புத் தேநீர் கவுண்டரில் ஆறிப்போய் நிற்பது கண்ணில் பட்டது. வக்கீல் அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்தார். அந்த முகத்துக்கு டானிக் கொஞ்சம் அதிக உற்சாகமாக இருக்கும் என்று தோன்றியது. தேநீரை ஊற்றினார். ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். புளிப்பு ஒரு பக்கமும் இனிப்பு ஒரு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் குலுக்கினார். சண்டை தீர்ந்தது. தேநீரின் துவர்ப்பு நாக்கின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, 'பரவாயில்லை, நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று சொல்வது மாதிரி இருந்தது.

வக்கீல் அம்மா ஒரு மடக்குக் குடித்துவிட்டு நிமிர்ந்தார். "என்ன இது?"

"சும்மா."

அவ்வளவுதான். மறுநாள் இரண்டு வக்கீல்களைக் கூட்டிக்கொண்டு வந்து, "நேத்துக் குடுத்தீங்களே, அந்தச் சும்மா, அது மூணு போடுங்க" என்றார். அப்படியே அதற்குப் பெயர் நிலைத்தது. வக்கீல்கள் மூலம் நீதிபதிகளுக்கும், வழக்குக்கு வந்த கட்சிக்காரர்கள் மூலம் அவர்களுடைய ஊர்களுக்கும் அது பரவியது. மருந்துக் கம்பெனி விற்பனையாளர் ஒருவர், விமான நிலையத்து பாரில் சும்மா கேட்டதாகவும், அவர்கள் முழிக்காமல் கலந்து கொடுத்ததாகவும் வந்து சொன்னார். இப்படி, நம் காலத்தில் பிறந்து, எந்த பாரில் பேர் சொன்னாலும் கிடைக்கிற அளவுக்கு ஊன்றிவிட்ட பானத்தை விவரம் தெரிந்தவர்கள் 'நவீன கிளாசிக்' என்பார்கள். மாப்பிள்ளைக்கு அது தெரியாது. தன் கைச்சரக்கு விமானம் ஏறிவிட்டது என்ற மட்டில் சந்தோஷமாக இருந்தது. மாமனாரிடம் சொன்னார்.

"விமான நிலையத்துல விக்கிதா? அங்க தண்ணியைக்கூடத்தான் விக்கிறான்," என்றார் மாமனார்.

இந்த நிலையில்தான் நவீன மரபுப் பானங்கள் பேரவையிலிருந்து கள ஆய்வாளர் வந்தார்.

ஒல்லியான மனிதர். தோளில் பெரிய பை. பையிலிருந்து அளவு நாடா, வெப்பமானி, சிறிய தராசு, முழங்காலுக்கு வைத்துக்கொள்ள ஒரு மெத்தை எல்லாம் வெளியே வந்தன. மாப்பிள்ளை கலந்து கொடுத்த சும்மாவை அவர் குடிக்கவில்லை. மண்டியிட்டுக் கண்ணை கிளாஸின் மட்டத்துக்குக் கொண்டுபோய் நுரையின் உயரத்தை அளந்தார்.

"கொஞ்சம் குடிச்சுப் பாருங்களேன்," என்றார் மாப்பிள்ளை.

"ட்யூட்டி நேரத்துல குடிக்கக் கூடாது."

"ட்யூட்டி முடிஞ்சப்புறம்?"

"ட்யூட்டி முடிஞ்சா நான் பார்களுக்குப் போறதில்ல. அலுவலக வேலையை வீட்டுக்குக் கொண்டுபோற பழக்கம் கிடையாது."

அளவெல்லாம் எடுத்து முடித்தபின் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க பானத்தை நவீன மரபுப் பானமா அங்கீகரிக்கலாமான்னு பேரவை பரிசீலிக்குது. ஆனா ஒண்ணு. இதுல சேர்றது வெறும் ஆறின தேநீர் இல்ல. மறந்துபோய் ஆறின தேநீர். அதனால நீங்க எங்க முன்னாடி ஒருதரம் மறந்து காட்டணும்."

"தேநீரையா?"

"ஆமா. உண்மையா மறக்கணும். நடிச்சா செல்லாது."

மாப்பிள்ளை தேநீர் போட்டார். கவுண்டரில் வைத்தார். கள ஆய்வாளர் எதிரே உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கிளாஸ் துடைத்தார், கூரையைப் பார்த்தார், சின்ன வயதில் படித்த பெருக்கல் வாய்ப்பாட்டை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார்.

"மறந்துட்டீங்களா?"

"மறந்துட்டேன்னுதான் நெனைக்கிறேன். நீங்க கேட்டதும் ஞாபகம் வந்துடுச்சு."

'முதல் முயற்சி தோல்வி' என்று ஆய்வாளர் எழுதிக்கொண்டார். மறுபடி தேநீர். மறுபடி வாய்ப்பாடு. மாப்பிள்ளைக்கு வேர்த்துவிட்டது. பிறந்ததிலிருந்து மறதிக்காகவே திட்டு வாங்கிய மனிதருக்கு, மறந்தே தீர வேண்டிய நேரத்தில் பாழாய்ப்போன ஞாபகம் பிடிவாதமாக நின்றது. ஆறின தேநீரையெல்லாம் வீணாக்காமல் மாமனார் வாங்கி வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மனைவியிடமிருந்து போன். அவர் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவர். ஊசியை வைத்துக்கொண்டே பேசுவதால் சுருக்கமாகத்தான் பேசுவார்.

"கிளம்பும்போது அடுப்பை அணைச்சீங்களா?"

மாப்பிள்ளை போட்டது போட்டபடி ஓடினார். வீட்டில் அடுப்பு அணைந்துதான் இருந்தது. மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது ஆய்வாளர் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். "அருமை! இப்படி ஒரு கலப்படமில்லாத மறதியை என் பணிக்காலத்துல பார்த்ததில்ல!"

பேரவைக் கட்டடம் உயரமானது. அங்கே விசாரணைக்கு அழைத்திருந்த நாளில் மாமனாரும் கூட வந்தார். லிஃப்ட் ஓடவில்லை. 'படைப்பாற்றல் மேல்நோக்கியது' என்று அதன் கதவில் பொன்னெழுத்தில் எழுதியிருந்தது. மாமனார் அதன் பொத்தானை ஒருமுறை அமுக்கி, காதை வைத்துக் கேட்டு, உச்சுக்கொட்டிவிட்டுப் படியேறினார்.

கூடத்தின் சுவரெல்லாம் படங்கள். பானங்களை உருவாக்கியவர்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. நீண்ட மேஜைக்குப் பின்னால் பேரவைத் தலைவர் நடுவில் இருந்தார். அவர் பக்கத்தில் தோற்றக்கதைப் பிரிவு அதிகாரி, கனிவான குரலுள்ள ஓர் அம்மாள். ஓரத்தில் நம் கள ஆய்வாளர், குறிப்பெடுக்கும் பொறுப்பில்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "படைப்பாற்றலைப் பாதுகாக்கறதுக்குன்னே உருவான அமைப்பு இது. ஒரு பொருளைப் பாதுகாக்கணும்னா முதல்ல அது அங்கே இங்கே நடமாடாம பார்த்துக்கணும். நாங்க பொறுப்பேத்தப்போ நிலைமை என்ன? எந்த பார்ல பார்த்தாலும், யார் வேணும்னாலும், எதை வேணும்னாலும் கண்டுபிடிச்சுட்டு இருந்தாங்க. இன்னிக்கு அந்த அவலம் வெகுவாக் குறைஞ்சிருக்கு. போன வருஷம் மொத்தமே ஒரு புதுப் பானம்தான் வந்தது. அதையும் நாங்க திருத்திட்டோம்."

மேஜையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். மாப்பிள்ளையும் தட்டிவைத்தார்.

"பானத்தின் பெயர்?"

"சும்மா."

"சும்மா கேக்கலைங்க. பதிவுக்காகக் கேக்கறோம்."

"பதிவுக்குத்தான் சொல்றேன். சும்மா."

"எதனால அந்தப் பேர்?"

மாப்பிள்ளை யோசித்துப் பார்த்தார். "சும்மாதான்."

தலைவர் ஆய்வாளர் பக்கம் திரும்பினார். "விண்ணப்பதாரர் பதில் சொல்ல மறுக்கிறார்னு எழுதிக்குங்க."

மாமனாருக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டார். "மறுக்கலீங்க. எங்க வீட்ல அவரை என்ன கேட்டாலும் இதே பதில்தான்."

கொஞ்ச நேரம் கூடிப் பேசியபின், பானத்துக்குக் 'காரணமின்மை' என்று பெயர் சூட்டப்பட்டது. பொருள் மாறவில்லை, தகுதி உயர்ந்திருக்கிறது என்று தலைவர் விளக்கினார். அடுத்து கனிவான அம்மாள் தோற்றக்கதையை எடுத்தார்.

"முதல்ல குடிச்சது யாரு?"

"ஒரு வக்கீல் அம்மா. கேஸ்ல தோத்துட்டு வந்தாங்க."

"ஐயோ பாவம். ஆனா வக்கீல் தோக்கறது கதை இல்லையே, தினசரி நடக்கறதாச்சே. கப்பல் கேப்டனோட காதலின்னு வெச்சுக்கலாம். கப்பல் திரும்பலை. தேநீர் ஆறிப்போச்சு. உப்பு அவங்க கண்ணீர்."

"உப்பு எங்க கடை டப்பாவுலேர்ந்துங்க."

"கண்ணீர்," என்றார் அம்மாள் கனிவாக. "உங்களுக்குக் காதல் தோல்வி ஏதாவது உண்டா?"

"இல்லீங்க. கல்யாணம் ஆயிடுச்சு."

"அது ஒண்ணும் தடை இல்லப்பா," என்று சொல்லி அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டார்.

எல்லாம் முடிந்தது என்று மாப்பிள்ளை எழுந்தபோது, தலைவர் பேனாவை மூடிவைத்துவிட்டு வருத்தமாகச் சொன்னார்: "ஒரே ஒரு சின்னச் சிக்கல். நீங்க உயிரோட இருக்கீங்க."

மாப்பிள்ளை திருதிருவென முழித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. இந்தச் சுவத்துல இருக்கறவங்களைப் பாருங்க. ஒருத்தராவது கலவையை மாத்தறாங்களா? உயிரோட இருக்கறவங்களை நம்ப முடியாது. ஆய்வாளர் அறிக்கையைப் படிச்சோம். ஒரே சாயங்காலத்துல ஒருத்தருக்கு உப்பைக் கூட்டியிருக்கீங்க. இன்னொருத்தருக்குத் தேனைக் குறைச்சிருக்கீங்க."

"அவருக்கு அன்னிக்குப் பல் வலிங்க. இனிப்பு ஆகாதுன்னு."

"பல்லைப் பார்த்துக் கலக்கறது படைப்பு இல்ல, பணிவிடை." தலைவர் பெருமூச்சு விட்டார். "ஆனா எங்க சட்டதிட்டத்துல இரக்கத்துக்கும் இடம் இருக்கு. நீங்க மறைந்தவராகக் கருதப்பட ஒப்புக்கிட்டீங்கன்னா போதும். ஒரு கையெழுத்து. வலிக்காது."

மாப்பிள்ளை மாமனாரைத் திரும்பிப் பார்த்தார். மாமனாரோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு படங்களுக்கு நடுவே வெற்றிடம் ஒன்று இருந்தது. அதன் அகலத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்த அந்தக் கிழவர் முகத்தில், லிஃப்ட் முதன்முதலாக மேல்மாடி தொடுகிறபோது வருகிற பளபளப்பு. அதைப் பார்த்தபின் மாப்பிள்ளைக்குக் கை தானாகப் பேனாவுக்குப் போனது.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டார். "என்னை ஒரு வார்த்தை கேக்காம செத்துட்டு வந்திருக்கீங்க?"

"சாகலம்மா. கருதறாங்க, அவ்வளவுதான்."

"கருதிட்டுப் போகட்டும். காலைல பால் வாங்க நீங்கதான் போகணும்."

அங்கீகார விழாவுக்கு நல்ல கூட்டம். மாமனாருக்கு முதல் வரிசை, மனைவிக்கு அடுத்த நாற்காலி. மறைந்தவர்களுக்கு இருக்கை ஒதுக்கும் ஏற்பாடு இல்லாததால் மாப்பிள்ளை தூண் ஓரமாக நின்றார். திரையை விலக்கிப் படத்தைத் திறந்தார்கள். படத்தில் இருந்தவருக்குத் தாடி இருந்தது. பின்னணியில் கடல். மூக்கு மட்டும் மாப்பிள்ளையுடையது மாதிரி இருந்தது.

ஒரு நிமிட மௌனம் அறிவித்தார்கள். எல்லாரும் தலைகுனிந்து நின்றார்கள். தானும் குனிய வேண்டுமா என்று தெரியாமல் மாப்பிள்ளை பாதி குனிந்தார். அப்படியே நின்றவர் இருமிவிட்டார். கள ஆய்வாளர் ஓடிவந்து காதோடு சொன்னார்: "கொஞ்சம் ஒத்துழைங்க சார். மறைந்தவங்க இருமினா பார்க்கறவங்களுக்குச் சங்கடமா இருக்கு."

பிறகு குடும்பத்தின் சார்பில் பேச மாமனாரை மேடைக்கு அழைத்தார்கள். அவர் பேசுவதற்கு ஒன்றும் தயார் செய்துகொண்டு வரவில்லை. மைக்கைப் பிடித்துத் தட்டிப் பார்த்தார். எதிரே கூட்டம், பின்னால் கறுப்புத் துணி விலகிய படம். லிஃப்டைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று மாப்பிள்ளை எதிர்பார்த்தார்.

"என் மருமகன்," என்று ஆரம்பித்தார் மாமனார். "நல்ல பையன். பார்ல யாராவது அழுதா நான் டிவியைப் பார்க்க ஆரம்பிச்சுடுவேன். எங்க பார்க்கறதுன்னு தெரியாது. அவன் அவங்க பக்கத்துல போய் நின்னு கிளாஸ் துடைப்பான். ஒண்ணும் கேக்க மாட்டான். துடைச்ச கிளாஸையே திரும்பத் துடைப்பான். அவங்க அழுது முடிச்சு, மூக்கைச் சிந்திட்டு, இன்னொண்ணு குடுங்கன்னு கேக்கற வரைக்கும் நிப்பான். அதைத்தான் நான் சும்மா நிக்கிறான்னு சொல்லிட்டு இருந்தேன்."

இத்தனை வருஷமாக மாறாத 'நீங்க' போய், 'அவன்' வந்திருப்பதை மாப்பிள்ளை கவனித்தார்.

"எனக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனப்போ, ஆஸ்பத்திரியில ராத்திரியெல்லாம் தரையில படுத்துக் கிடந்தான். நான் என்ன பண்ணேன் தெரியுமா? இந்த ஆள் குறட்டை விடறான், வெளியே அனுப்புங்கன்னு நர்ஸ்கிட்ட சொன்னேன்." கிழவர் மைக்கைக் கை மாற்றிக்கொண்டார். "நல்லாருக்குடான்னு ஒரு தடவை சொல்லியிருக்கலாம். வாய் வரலை. இப்ப சொல்லி என்ன செய்ய? ஆள் இல்லையே."

ஆள் தூண் ஓரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதல் வரிசையில் மனைவி, பையிலிருந்து பஞ்சை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். கனிவான அம்மாள்கூட அழுதார். அழுகையினூடே, இதில் கேப்டன் எங்கே என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

அப்புறம் பானம் வந்தது. பேரவை முறைப்படி தயாரான காரணமின்மை. தேநீரைத் தனி அறையில் பூட்டிவைத்து, யாரும் அந்தப் பக்கம் போகாமல் காவல் போட்டு ஆறவைத்திருந்தார்கள். உப்புக்குப் பதில், கடலின் நினைவு என்று எதையோ கிளாஸின் மேல் புகையாக ஊதினார்கள். தலைவர் கிளாஸை உயர்த்தினார், உதடு வரை கொண்டுபோனார், உதட்டிலேயே நிறுத்தி எல்லாரையும் பார்த்துப் புன்னகைத்தார். விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் அப்படியே செய்தார்கள். மாமனாருக்குத் தெரியாது. ஒரே மடக்காகக் குடித்துவிட்டார். அதற்குப்பின் அவர் முகத்தில் இருந்த துக்கம், உண்மையிலேயே துக்க வீட்டுக்குப் பொருந்துவதாக இருந்தது.

காரில் திரும்பினார்கள். பாதி வழியில் மாமனார் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்: "மாப்ளே, நீங்க பண்றதும் அந்தக் கண்றாவி மாதிரிதான் இருக்குமா?"

அப்போதுதான் மாப்பிள்ளைக்கு உறைத்தது. இந்த மனிதர் இதுவரை சும்மாவை ஒருமுறைகூடக் குடித்ததில்லை.

மறுநாள் பார் திறந்ததும் அவருக்கு ஒன்று கலந்து கொடுத்தார். படியேறி இறங்கிய முழங்காலுக்கு இதமாகத் தேனைக் கொஞ்சம் கூட்டியிருந்தார். மாமனார் கிளாஸைப் பிடித்து ஐஸ் மட்டும் மிஞ்சும்வரை குடித்தார். "ம்" என்றார். கிளாஸைக் கொண்டுபோய்த் தானே கழுவி வைத்தார்.

ஆனால் அந்த ஒன்றோடு சும்மா நின்றுபோக வேண்டியதாயிற்று. இனி எந்த பாரிலும் பேரவை முறைப்படிதான் கலக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. மாப்பிள்ளை சட்டத்துக்குப் பயந்தவர். புகை ஊதும் கருவி வாங்கிவைத்து ஊதினார். குடித்தவர்கள் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். ஐஸ் கொண்டுவருகிறவர், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

வக்கீல் அம்மா வந்து ஒரு வாய் குடித்தார். கிளாஸை மெதுவாகத் தள்ளிவைத்தார்.

"யார் செஞ்சது இதை?"

மாப்பிள்ளை நடந்ததையெல்லாம் சொன்னார். கப்பல் கேப்டனைப் பற்றிச் சொன்னபோது வக்கீல் அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எனக்குப் படகைப் பார்த்தாலே வாந்தி வரும்யா!" மறைந்தவராகக் கருதப்படுவதைப் பற்றிச் சொன்னபோது கோபம் நின்று, கண்கள் இடுங்கின. "இருங்க. கையெழுத்து வேற போட்டீங்களா? அவங்களும் போட்டாங்களா?"

"போட்டாங்க. மௌனம்கூட அனுசரிச்சாங்க."

வக்கீல் அம்மா கோட்டைக் கழற்றிப் பக்கத்து ஸ்டூலில் வைத்தார். "செத்தவர் மேல கேஸ் போட முடியாது, மாப்பிள்ளை. உத்தரவும் செல்லாது. எந்தச் சட்டத்துலயும் செல்லாது. எனக்கு எப்பவும் போடற மாதிரி ஒண்ணு போடுங்க."

மாப்பிள்ளை புகைக் கருவியைக் கவுண்டருக்குக் கீழே தள்ளிவிட்டு, தேநீர் வைத்தார்.

விஷயம் காதோடு காதாகப் பரவி, மறுபடி கூட்டம் சேர்ந்தது. பேரவைக்கும் காது உண்டல்லவா. ஒரு சாயங்காலம் கள ஆய்வாளர் பையோடு வந்து நின்றார். சரியாக அந்தக் கணத்தில் மாப்பிள்ளை ஒரு கிளாஸில் கூடுதலாக ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். கையும் களவுமாக அகப்பட்டார்.

"விதிமீறல்," என்றார் ஆய்வாளர் துக்கத்தோடு. "கலந்தவர் பேர் சொல்லுங்க."

"உங்க பதிவேட்டுல பாருங்களேன்," என்றார் வக்கீல் அம்மா, ஸ்டூலிலிருந்து திரும்பாமலே.

ஆய்வாளர் பார்த்தார். பக்கத்தைப் புரட்டினார். படத்தின் நகலைப் பார்த்தார். மாப்பிள்ளையின் மூக்கைப் பார்த்தார். அவருடைய நெற்றி வேர்த்தது.

"மறைந்தவர்னு இருக்கு."

"ஆமா."

"மறைந்தவங்க மேல நடவடிக்கை எடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லையே."

"இல்லதான்."

ஆய்வாளர் பதிவேட்டை மூடினார். மூடியவர் கிளம்பவில்லை. நேர்மையான மனிதர், சந்தேகம் வந்தால் தீர்க்காமல் போகமாட்டார். "அப்ப இங்க நிக்கிறவர் யாரு?"

அந்தக் கேள்வி வரும் என்று வக்கீல் அம்மா எதிர்பார்க்கவில்லை. உயிரோடு இருப்பதாக ஒப்புக்கொண்டால் உத்தரவு செல்லும், புகையும் திரும்ப வரும். மாப்பிள்ளை ஷேக்கரைக் கையில் பிடித்தபடி, குலுக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் நின்றார்.

மூலை மேஜையிலிருந்து மாமனார் எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து கவுண்டரின் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவரா? புது ஆளு."

"எப்ப சேர்ந்தார்?"

"விழா முடிஞ்ச மறுநாள். பழையவர்தான் போய்ட்டாரே. பார் நடக்கணும் இல்ல?"

ஆய்வாளர் பேனாவை எடுத்தார். "முன் அனுபவம்?"

"ஒண்ணும் கிடையாது. ஆனா கத்துக்குவார்."

"வேலை எப்படி?"

மாமனார் மருமகனை மேலிருந்து கீழாக, அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர் மாதிரி, நிதானமாகப் பார்த்தார்.

"நல்லாருக்கு," என்றார். "பழையவரை விடக் கொஞ்சம் பரவால்ல. வெச்சுக்கலாம்னு இருக்கேன்."

ஆய்வாளர் அதை அப்படியே எழுதிக்கொண்டு, கீழே தேதி போட்டார். மாப்பிள்ளை சட்டென்று எல்லாருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி, ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டு, ஏற்கெனவே பொடிப்பொடியாக இருந்த ஐஸை மடார் மடாரென்று உடைக்க ஆரம்பித்தார்.